சிவப்பு மையில் எழுதிய பொறு

ஜூன் 2, திங்கள்

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. நான் நலமாக இல்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் நகைச்சுவை நிகழ்ச்சியின் நாயகி சினிமாவுக்குப் போய்விட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தாலாவது திட்டலாம். கேக் வெட்டி எல்லோருக்கும் ஊட்டிவிட்டுப் போனாள். நான் இரண்டாவது துண்டை வாயில் போட்ட நேரம் பார்த்து இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "எழுதுறவ நீதானே, எல்லா வசனமும் உனக்குத் தெரியும். இந்தத் தடவை நீயே நடிச்சுடு" என்றார். வாய் நிறையக் கேக் இருந்ததால் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆறு வருஷமாக எழுத்தாளர் அறையில் ஒரு ஓரமாக உட்கார்ந்து அடுத்தவர் வாயில் வசனம் போட்டுப் பிழைத்தவள் நான். இனிமேல் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, நேரலையில், முந்நூறு பேர் எதிரே உட்கார்ந்திருக்க நானே நிற்க வேண்டும். பத்து வாரம். நம் கத்திரியும் கூட்டம் போட்டுப் பேசிவிட்டார். (சேனல் நிகழ்ச்சித் தலைவருக்கு நீங்கள் வைத்த பேர் இன்னும் நிலைத்திருக்கிறது. நேற்றுக்கூட அவரே தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டார்.) பத்தாவது வாரத்துக்குள் பார்க்கிறவர் எண்ணிக்கை ஏறாவிட்டால் நிகழ்ச்சியை மூடிவிட்டு அந்த ஒரு மணி நேரமும் மீன் தொட்டியைக் காட்டப் போகிறாராம். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். தொட்டி வாங்கியாகிவிட்டது அண்ணி. வரவேற்பறையில் வைத்திருக்கிறார்கள். மீன்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கின்றன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனுக்கு மாற்றல் வந்து நீங்கள் கிளம்பிப் போன பிறகு, கேமராவுக்குப் பக்கத்தில் நீங்கள் பிடித்து நின்ற வசன அட்டைகளுக்குப் பதிலாக ஒரு கண்ணாடித் திரை கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதில் எழுத்து ஓடுகிறது. நானும் பின்னாலேயே ஓடுகிறேன், பிடிக்க முடியவில்லை. உங்கள் கையெழுத்து என்றால் நிற்கும், போய்ப் படிக்கலாம். மற்ற துணுக்குகளெல்லாம் சனிக்கிழமை மதியம்வரை மாறிக்கொண்டே இருக்கும், அவற்றைச் சின்னச் சின்னதாக மனப்பாடம் செய்துவிடுவேன். நடுவில் வரும் பெரிய நாடகம் மட்டும் செவ்வாய்க்கிழமையே முடிவாகிவிடும். அதை பஸ் பார்சலில் அனுப்பட்டுமா? நீங்கள் அட்டையில் எழுதி வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போட்டுவிட்டால் எட்டு மணி நேரத்தில் இங்கே வந்துவிடும்.

போனில் கேட்டிருக்கலாம். பதினோரு தடவை அடித்தேன். அண்ணன்தான் எடுக்கிறார், "அவ கைவேலையா இருக்கா" என்கிறார். அப்படி என்ன எந்நேரமும் கைவேலை?

உங்கள்
வாயாடி


ஜூன் 5, வியாழன்

வாயாடிக்கு,

அட்டை பதினான்கு இருக்கிறது. எண்ணி வாங்கிக்கொள். இடது மூலையில் எண் போட்டிருக்கிறேன். ஆறாவதையும் ஒன்பதாவதையும் தலைகீழாகப் பிடித்துவிடாதபடி அடியில் கோடு போட்டிருக்கிறேன். பிடிக்கிறவரிடம் சொல், அட்டையைத் தன் நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது, உன் கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டும்.

உன் வசனம் கறுப்பு. மற்றவர்கள் வசனம் நீலம். சிவப்பில் பெரிதாக "பொறு" என்று இருந்தால் அது வசனம் இல்லை. சிரிப்பு அடங்கும்வரை வாயை மூடிக்கொண்டு நில் என்று அர்த்தம். நீ ஆறு வருஷம் பார்த்ததுதான், ஆனால் மேடையில் ஏறினால் எல்லாம் மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

உன் மூன்றாவது பக்கத்தில் ஒரு வாக்கியம் நாலு அட்டை நீளத்துக்குப் போகிறது. நடுவில் மூச்சு எங்கே விடுவாய்? அதை வெட்டிவிட்டேன். அர்த்தம் எதுவும் கெடவில்லை, ஏனென்றால் அதில் அர்த்தம் எதுவும் இல்லை.

இங்கே வீடு இன்னும் பெட்டியும் மூட்டையுமாகத்தான் கிடக்கிறது. உன் அண்ணன் எல்லாப் பெட்டியிலும் "முக்கியம்" என்று எழுதிக் கட்டியிருக்கிறார், அதனால் எதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று வாரமாக ஒரே கரண்டியை வைத்துச் சமாளிக்கிறேன். எனக்கு ஒரு வேலையும் கிடைத்திருக்கிறது. தெருமுனையில் உள்ள கண்ணாடிக் கடையில். வருகிறவர்களைச் சுவரில் மாட்டிய எழுத்தைப் படிக்கச் சொல்ல வேண்டும், எது தெரியவில்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பழக்கப்பட்ட வேலைதான்.

போன் எனக்கு ஒத்துவராது. எழுது. நீ பேச ஆரம்பித்தால் எனக்கு இடமே கிடைக்காது. கடிதம் என்றால் எனக்கும் ஒரு முறை வருகிறது.

அண்ணி


ஜூன் 15, ஞாயிறு

அண்ணிக்கு,

நேற்று நேரலையில் நான் செய்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் தயவுசெய்து யாரிடமும் கேட்காதீர்கள், நானே சொல்கிறேன்.

முதல் வாரம் சுமாராகப் போனது. விழவும் இல்லை, எழவும் இல்லை. நேற்று இரண்டாவது வாரம், லிஃப்டில் மாட்டிக்கொண்ட நாலு பேர் நாடகம். நம் பெருசு இருக்கிறாரே, முப்பது வருஷமாக நடிக்கிறவர், அடுத்தவர் வசனம் முடிவதற்குள் புகுந்து சிரிப்பைத் தட்டிக்கொண்டு போகிறவர். அவருக்கு ஒட்டுமீசை. நாடகம் பாதியில் அந்த மீசை ஒரு பக்கம் கழன்று வாய்க்குள் போய்விட்டது. அவர் அதை மென்றுகொண்டே வசனம் சொல்கிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. எனக்கு எந்த அட்டையில் இருக்கிறோம் என்பதே தெரியவில்லை. கண்ணில் பட்டதைப் படித்தேன்.

"பொறு!" என்று கத்தினேன்.

பெருசு அப்படியே நின்றுவிட்டார், மீசை பாதி உள்ளே, பாதி வெளியே. அவர் வாழ்க்கையில் யாரும் அவரை நிறுத்தியதில்லை. லிஃப்டில் இருந்த மற்ற இரண்டு பேரும் நின்றார்கள். கூட்டம் சிரித்த சிரிப்பில் தலைக்கு மேலே இருந்த விளக்கு ஆடியது என்று ஒலிக்காரர் சத்தியம் செய்கிறார். சிரிப்பு அடங்கியதும் அடுத்த அட்டையைப் பார்த்தேன். அதிலும் சிவப்பு. இப்போது வேண்டுமென்றே சொன்னேன். மறுபடி அதே சிரிப்பு.

கத்திரி ஒப்பனை அறைக்கு வந்தார். வந்து என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார்! அவருக்குப் பல் இருக்கிறது என்பதே எங்களுக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

உங்கள்
வாயாடி


ஜூன் 18, புதன்

வாயாடிக்கு,

பார்த்தோம். உன் அண்ணன் சிரித்த சிரிப்பில் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து "முக்கியம்" என்று எழுதிய பெட்டி ஒன்றின் மேல் விழுந்தார். பெட்டி கிழிந்தது. உள்ளே கரண்டிகள். ஆக உன்னால் எங்களுக்கு ஒரு நன்மை.

ஆறு வருஷம் நான் எழுதிய அட்டைகளில் எல்லா வசனமும் உங்களுடையது. அந்த ஒரு சொல்தான் என்னுடையது. அதைப் போய் நாடு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டாயே என்று எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. மறைப்பானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஒரு தடவை போதும். இந்த வாரம் சிவப்பை மட்டும் அட்டையின் கீழ் ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கிறேன், கண் தவறிப் படிக்காமல் இருக்க.

அண்ணி


ஜூலை 6, ஞாயிறு

அண்ணிக்கு,

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து வாரம் முடிந்துவிட்டது, பார்க்கிறவர் எண்ணிக்கை இரண்டு மடங்கு. இன்றைக்கு பஸ்ஸில் ஏறக் கால் வைத்தேன். ஓட்டுநர் என்னைப் பார்த்துவிட்டு, "பொறு!" என்றார். பஸ்ஸே சிரித்தது. காய்கறிக்காரர், பல் மருத்துவர், எதிர்வீட்டுக் குழந்தை, எல்லோருக்கும் இப்போது அதுதான் வணக்கம். சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்குக் கீழே யாரோ அதை எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அதற்கென்றே ஒரு பாத்திரத்தையும் உருவாக்கிவிட்டோம். "பொறு அக்கா." விசாரணைக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பாள். யார் வந்து எதைக் கேட்டாலும் கண்ணை மூடி, இரண்டு விரலால் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டி, "பொறு" என்பாள். அந்த விரல் தட்டல் ஒத்திகையில் எனக்குத் தானாக வந்தது. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. அதற்குத்தான் இப்போது கைதட்டலே.

கத்திரி சொல்லிவிட்டார், வாரா வாரம் பொறு அக்கா வந்தால் அடுத்த வருஷத்துக்கும் கையெழுத்துப் போடுவாராம். மீன் தொட்டியை வரவேற்பறையிலிருந்து மாடிப்படிக்கு அடியில் நகர்த்திவிட்டார்கள். இங்கே வேலை பார்க்கிற நாற்பது பேரும் நிம்மதியாக மூச்சு விடுகிறோம்.

எல்லாம் சொன்னேன், ஒன்று கேட்க விட்டுவிட்டேன். இரண்டு வாரமாக அட்டை மட்டும் வருகிறது, கடிதம் இல்லையே. வேலை அதிகமா?

உங்கள்
வாயாடி


ஜூலை 13, ஞாயிறு

அண்ணிக்கு,

இந்த வாரம் வந்த அட்டைகளில் சிவப்பே இல்லை. பதினாறு அட்டையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். மை தீர்ந்துவிட்டதா என்று அண்ணனிடம் போனில் கேட்டேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வரல, ஆளை விடு" என்று வைத்துவிட்டார். அண்ணன் போனை முதலில் வைப்பது பூமி உருண்டையான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

என்ன செய்தேன்? திட்டுவதானால் திட்டி எழுதுங்கள். ஒன்றும் எழுதாமல் இருந்தால் எனக்குத் தாங்காது.

வாயாடி


ஜூலை 16, புதன்

வாயாடிக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தாகிவிட்டது. ஐந்தாவது இது, எப்படி வந்தாலும் அனுப்பிவிடுவேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். இப்போதும் திக்கும். உங்கள் வீட்டில் உன் அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன். அவரை முதல்முதலாகப் பார்த்தபோது என் பேரைக் கேட்டார். என் பேரின் முதல் எழுத்தே எனக்குப் பகை. அவர் கையிலிருந்த செய்தித்தாளை வாங்கி ஓரத்தில் எழுதிக் காட்டினேன். "கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கே" என்றார். வேறு எதையும் கேட்கவில்லை. நான் அவரைக் கட்டிக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பொறு என்ற சொல் மட்டும் எனக்கு எப்போதும் திக்காது. ஏன் என்று தெரியாது. அதைச் சொல்லி, நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினால், மற்ற வார்த்தைகள் வரிசையில் வந்து நிற்கும். பிறகு பேசுவேன். கேட்கிறவர்கள் நான் ஏதோ யோசித்துச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். முப்பத்தெட்டு வருஷமாக இதை வைத்துத்தான் ஓட்டுகிறேன். போன் எடுக்காததும் இதனால்தான். போனில் விரல் தட்டுவது யாருக்கும் தெரியாது, நான் சும்மா இருக்கிறேன் என்று வைத்துவிடுவார்கள்.

இப்போது கடையில் என்ன நடக்கிறது தெரியுமா? ஒருவர் வந்து கண்ணாடி எப்போது கிடைக்கும் என்று கேட்கிறார். நான் "பொறுங்க" என்கிறேன். அவர் சிரிக்கிறார். பக்கத்தில் இருப்பவர்களும் சிரிக்கிறார்கள். "அந்த நிகழ்ச்சி பாப்பீங்களா? நல்லா செய்றீங்க, இன்னொரு தடவை செய்யுங்க" என்கிறார். அதற்குள் வரிசையில் வந்த வார்த்தையெல்லாம் கலைந்து போய்விடுகிறது. அதன் பிறகு என்னால் ஒன்றும் சொல்ல முடிவதில்லை. வாய் திறந்தபடி நிற்கிறேன். அதற்கும் சிரிக்கிறார்கள், அதுவும் நடிப்பு என்று. நேற்று முதலாளி என்னைக் கூப்பிட்டு உள்ளே கண்ணாடி துடைக்கும் வேலை செய்யச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான், எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

விரல் தட்டல் உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுதிவிட்டேன்.

உன் மேல் கோபம் இருக்கிறது. வருத்தமும் இருக்கிறது. எது அதிகம் என்று இன்னும் பார்க்கவில்லை.

அண்ணி


ஜூலை 20, ஞாயிறு

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை எழுத்தாளர் அறையில் பிரித்துப் படித்தேன். படித்துவிட்டுப் போய்க் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். அங்கேயும் கதவுக்கு வெளியே யாரோ பொறு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எதையாவது கேட்டால் நீங்கள் கண்ணை மூடி "பொறு" என்பதை இத்தனை வருஷமும் நான் திமிர் என்று நினைத்திருந்தேன். மகாராணி யோசித்துப் பதில் சொல்வார்கள் என்று அம்மாவிடம் பழித்துக் காட்டியும் இருக்கிறேன். அந்தப் பழிப்புத்தான் ஒத்திகையில் என் விரலுக்கு வந்தது. வேறு எங்கிருந்தும் வரவில்லை. இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் நான் ஒரு தடவைகூட நின்று கேட்டதில்லை. உங்களுக்கு நான் வைத்திருந்த பேரைச் சொல்லமாட்டேன். எனக்கு நீங்கள் வைத்த வாயாடி சரியான பேர்தான்.

நேற்று பொறு அக்காவை நாடகத்திலிருந்து எடுத்துவிட்டேன். கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றேன். கூட்டம் பாதி நாடகத்திலேயே அவளைக் கேட்டுக் கத்த ஆரம்பித்துவிட்டது. நான் கண்டுகொள்ளாமல் என் வசனத்தைச் சொல்லி முடித்தேன். சிரிப்பு இல்லை. கத்திரி வந்தார், பல்லைக் காட்டாமல் வந்தார். "அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மக்கள் டிவியைப் போடுறாங்க. அடுத்த வாரமும் இல்லைன்னா அடுத்த வருஷமும் இல்லை" என்றார். "இல்லைன்னா இல்லை" என்றேன். மீன் தொட்டி மறுபடி வரவேற்பறைக்கு வந்துவிட்டது. போகட்டும்.

மன்னிப்புக் கேட்க வேறு சொல் தேடினேன். கிடைக்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணி. இதற்கும் உங்கள் வார்த்தையைத்தான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

வாயாடி


ஜூலை 25, வெள்ளி

வாயாடிக்கு,

என்னைக் கேட்காமல் எடுத்தாய். இப்போது என்னைக் கேட்காமல் விட்டுவிட்டாய். என்றைக்குத்தான் என்னைக் கேட்பாய்?

நாற்பது பேர் வேலை பார்க்கும் இடம் அது. நானும் ஆறு வருஷம் அங்கே நின்றிருக்கிறேன். ஒலிக்காரர் கால்வலியோடு நிற்பார், ஒப்பனைக்காரம்மா பெண்ணைப் படிக்க வைக்கிறார். என் வாய்க்காக அவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நான் எப்போது சொன்னேன்? நீ என்னைக் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

உள்ளே உட்கார்ந்து கண்ணாடி துடைக்கும்போது யோசித்துப் பார்த்தேன். அந்தச் சொல்லில் தப்பு இல்லை. சிரிப்பு எந்தப் பக்கம் விழுகிறது என்பதில்தான் தப்பு. நீ எழுதிய நாடகத்தில் காத்திருக்கச் சொல்கிறவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் தினமும் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். பார்த்துச் சிரிக்க வேண்டிய ஆட்கள் முன்னால்தான் நிற்கிறார்கள்.

கடைசி வார நாடகத்தை நான் எழுதுகிறேன். கைகொட்டிச் சிரிக்காதே. அடுத்தவர் வசனத்தையே எழுதி எழுதி எனக்கும் கொஞ்சம் பழகியிருக்கிறது. தனியாகக் கதை, காகிதம் எதுவும் வராது. நேராக அட்டையில்தான் எழுதுவேன். எட்டாவது வாரத்தையும் ஒன்பதாவது வாரத்தையும் நீயே எப்படியாவது சமாளித்துக்கொள். பத்தாவது வாரத்துக்கு பார்சல் வரும். சனிக்கிழமை காலை ஒத்திகைக்கு முன்னால் பிரிக்காதே. முன்னாலேயே பிரித்தால் நீ திருத்துவாய்.

அண்ணி

பி.கு: உன் அம்மாவிடம் பழித்துக் காட்டினாய் என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும். சமையலறைக் கதவு கண்ணாடிக் கதவு.


ஆகஸ்ட் 8, வெள்ளி

அண்ணிக்கு,

இது உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பார்சல் வந்துவிட்டது. என் மேஜை மேல் இருக்கிறது. பிரிக்கவில்லை. பெருசு மூன்று தடவை வந்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார், கையில் அடித்தேன். கத்திரியிடம் "பொறு உண்டு" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். "எத்தனை?" என்று கேட்டார். "பிரிச்சாத்தான் தெரியும்" என்றேன். அவருக்கு நெஞ்சு வலிப்பது போல் இருந்ததாம், தண்ணீர் கேட்டார்.

போன வாரம் பாதிச் சிரிப்புத்தான் கிடைத்தது. நாளை விழுந்தால் எல்லாம் விழுந்த மாதிரி. ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் பத்து வாரத்தில் இன்றைக்குத்தான் எனக்குப் பயம் இல்லை. மேஜையில் உங்கள் கையெழுத்து இருக்கிறது.

வாயாடி


ஆகஸ்ட் 10, ஞாயிறு

அண்ணிக்கு,

நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் கேமரா காட்டாதது நிறைய இருக்கிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

காலையில் பார்சலைப் பிரித்தபோது பன்னிரண்டு அட்டை. என் கறுப்பு வசனம் மொத்தமும் சேர்த்து ஐந்தே வரிதான்! மற்றதெல்லாம் நீலம். கண்ணாடிக் கடைக் கவுன்ட்டர். மூன்று பேர் வரிசையில் வருகிறார்கள், மூன்று பேருக்கும் கண்ணாடி தொலைந்துவிட்டது. நான் "பொறுங்க" என்று தொடங்கியதும் அவர்களே என் வாக்கியத்தை முடிக்கிறார்கள். படித்ததும் பெருசு, "இதுல என்ன வேடிக்கை இருக்கு?" என்றார். ஒலிக்காரர் மட்டும் மூலையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மாலை ஏழு இருபதுக்கு நாடகம் தொடங்கியது. முதல் ஆள் வந்தார். "பொறுங்க. உங்க கண்ணாடி..." என்றேன். "திருடு போயிருச்சா? எனக்கு அப்பவே தெரியும்!" என்று போலீசுக்குப் புகார் கொடுக்க ஓடினார். போகிற வழியில் கோட்டு மாட்டும் கம்பத்துக்கு வணக்கம் சொன்னார். இரண்டாவது ஆள் வந்தார். "பொறுங்க. உங்க கண்ணாடி..." "பழசாயிருச்சுன்னு சொல்றீங்க, புதுசு குடுங்க" என்று கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு சுவர் வழியாக வெளியே போகப் பார்த்தார். கூட்டம் அவர்களைப் பார்த்துச் சிரித்தது அண்ணி. என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் எழுதியபடியே நான் நெஞ்சில் தட்டவே இல்லை. அந்தத் தட்டல் உங்களுடையது, உங்களிடமே இருக்கட்டும்.

மூன்றாவதாகப் பெருசு வந்தார். "பொறுங்க" என்றேன். பதினோராவது அட்டை மேலே ஏறியது. அதில் வசனமே இல்லை. சிவப்பில், அட்டை முழுக்க, "பொறு". இந்தத் தடவை நான் கத்தவில்லை. பொறுத்தேன்.

நேரலையில் சத்தமே இல்லாமல் நிற்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும். கட்டுப்பாட்டு அறையில் கத்திரி எழுந்து நின்று, "சத்தம் போச்சா, வயர் போச்சா?" என்று கத்தியிருக்கிறார். கூட்டத்தில் ஒருவர் "பொறு!" என்று கூவினார். பக்கத்தில் இருந்த அம்மா அவரை "உஷ்" என்று அடக்கினார். பிறகு முந்நூறு பேரும் அமைதியாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்களுக்குத் தினமும் இப்படித்தானே என்று நினைத்தேன். முப்பது வருஷமாக யாருக்கும் காத்திருக்காத பெருசு, கையைக் கட்டிக்கொண்டு, புருவத்தைக்கூட அசைக்காமல் காத்திருந்தார். பதினோரு விநாடி. ஒலிக்காரர் எண்ணியிருக்கிறார்.

கடைசி அட்டை ஏறியது. "உங்க கண்ணாடி உங்க தலை மேலயே இருக்கு" என்றேன்.

பெருசு தலையைத் தடவிப் பார்த்தார். இருந்தது. கண்ணில் போட்டுக்கொண்டார். என்னை நன்றாகப் பார்த்தார். நான் அடுத்த வரியைச் சொன்னேன். "அவங்க ரெண்டு பேருக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

அதற்கு வந்த சிரிப்பை நான் எழுதிக் காட்ட முடியாது. இந்தப் பத்து வாரத்தில் வந்த எல்லாப் பொறுவையும் சேர்த்துக் கட்டினாலும் அதற்கு ஈடாகாது. பெருசு மேடையை விட்டு இறங்கி என்னிடம் சொன்னார், "வாய மூடிட்டு நின்னு இவ்வளவு சிரிப்பு வாங்கலாம்னு முன்னாடியே சொல்லியிருந்தா என் தொண்டை மிச்சமாயிருக்குமே." கத்திரி அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மீன் தொட்டியை எழுத்தாளர் அறைக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். இப்போது மீன்களும் என்னை மரியாதையாகப் பார்க்கின்றன. நாடகத்தை எழுதியது யார் என்று கேட்டார். அட்டை எழுதுகிறவர் என்றேன். அவருக்கு இனி இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன், மகிழ்ச்சியில் தலையாட்டிவிட்டார்.

எல்லோரும் போன பிறகு அட்டைகளைச் சேர்த்துக் கட்டினேன். பதினோராவது அட்டையின் பின்பக்கத்தை அப்போதுதான் பார்த்தேன். மூலையில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தீர்கள்: "பொறுத்தேன்."

காத்திருந்தேன் என்று சொல்கிறீர்களா, மன்னித்தேன் என்று சொல்கிறீர்களா? இரண்டுமா? கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள்
வாயாடி


ஆகஸ்ட் 14, வியாழன்

வாயாடிக்கு,

முதலாளி என்னை மறுபடி கவுன்ட்டருக்கு அனுப்பிவிட்டார். நான் கேட்டு வாங்கியதுதான். செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடி எப்போது தயாராகும் என்றார். "பொறுங்க" என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு, சட்டென்று நினைவு வந்தது போல ஒரு கையால் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் வரிசையில் இருந்தவர்களும் நின்றார்கள். நான் சாவகாசமாக இரண்டு தட்டுத் தட்டி, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு என்று சொன்னேன். ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் அவர் நின்றிருப்பார் போலத்தான் இருந்தது.

உன் கேள்விக்குப் பதில் கடிதத்தில் எழுதக் கூடாது என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய். உன் அண்ணனை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்தான் எடுப்பேன்.

எடுத்ததும் ஒரு சத்தமும் வராது. வைத்துவிடாதே.

அண்ணி